சந்தைக் காய்கறிகளில் கன உலோகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன உலோகங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

காய்கறியைப் பொறுத்தவரை முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று: காட்மியம், ஈயம், ஆர்சனிக். ஆர்சனிக் கறாராகப் பார்த்தால் உலோகமே இல்லை, ஆனாலும் நச்சுத்தன்மை காரணமாக இதே பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பாதரசம், குரோமியம், நிக்கல் ஆகியவையும் ஆய்வறிக்கைகளில் வரும். பாதரசம் பெரும்பாலும் மீன் வழியாக வரும் பிரச்சினை. காய்கறியில் அதன் பங்கு சிறியது.

செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் போன்றவற்றையும் சேர்த்து எழுதி மிரட்டும் கட்டுரைகள் உண்டு. இவை உடம்புக்குத் தேவையான சத்துகள். அளவு மிஞ்சினால்தான் கெடுதல். காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் உடம்பில் எந்த நல்ல வேலையும் கிடையாது.

இவை காய்கறிக்குள் எப்படி வருகின்றன?

வழிகள் பல. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நீரைப் பாய்ச்சுவது பெரிய வழி. நகரத்தை ஒட்டிய வயல்களில் இது உலகெங்கும் நடக்கிறது. நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில், அழுக்குத் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் பயிர் செழிப்பாகவே வளரும். பச்சைப்பசேல் என்று நிற்கும் கீரை சுத்தமான கீரை என்று நினைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

அடுத்தது சுரங்கம், உருக்காலை, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகள், மின்னணுக் கழிவை எரிக்கும் இடங்கள். இங்கிருந்து வரும் புகையும் தூசும் இலைமேலும் மண்மேலும் படிகின்றன.

பலர் கவனிக்காத ஒரு வழி உரம். பாஸ்பேட் உரத்துக்கான பாறையிலேயே காட்மியம் இயற்கையாகக் கலந்திருக்கும். எவ்வளவு என்பது பாறை வெட்டிய இடத்தைப் பொறுத்தது. வருடா வருடம் சிறிது சிறிதாக மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். கழிவுநீர்ச் சேறு, நகரக் குப்பையில் செய்த உரம் ஆகியவற்றிலும் இதே சிக்கல் வரலாம்.

அப்புறம் பழைய பாக்கிகள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது. ஆனால் பல பத்தாண்டுகள் வண்டிகள் கக்கிய ஈயம் சாலையோர மேல்மண்ணில் இன்னும் இருக்கிறது. ஈயம் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், மழையில் எளிதில் கரைந்து கீழே போகாது. பூச்சிகொல்லியாக ஈய ஆர்சனேட் தெளித்த பழைய பழத்தோட்ட மண்ணிலும் இதே கதைதான்.

எந்தக் காயில் அதிகம், எதில் குறைவு?

பொதுவான வரிசை: கீரை வகைகளில் அதிகம், கிழங்கு, கேரட் போன்றவை நடுவில், தக்காளி, வெண்டை, வெள்ளரி, பூசணி, பீன்ஸ் போன்ற காய் வகைகளில் குறைவு. ஆனால் உலோகத்துக்கு உலோகம் காரணம் மாறும், அதுதான் இங்கே விஷயமே.

காட்மியம் வேதியியல் குணத்தில் துத்தநாகத்துக்கு நெருங்கிய உறவு. துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் இவற்றை உறிஞ்ச வேரில் இருக்கும் அதே வாசல்கள் வழியாகச் செடி காட்மியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்தபின் நீரோட்டத்தோடு இலைக்கு ஏறும். அதனால் கீரையில் சேரும் காட்மியம் இலையின் திசுவுக்குள்ளேயே இருக்கிறது. மண் அமிலத்தன்மையாக இருந்தால் இன்னும் அதிகம் ஏறும். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் அப்படியே. குளோரைடு காட்மியத்தை மண்ணிலிருந்து விடுவித்து வேர்ப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஈயம் நேர்மாறு. மண்ணை விட்டு நகராது, வேருக்குள் போனாலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். கீரையில் ஈயம் அதிகம் காணப்பட்டால் பெரும்பங்கு இலைமேல் படிந்த தூசும் ஒட்டிய மண்ணும்தான்.

பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது.

கழுவினால் போய்விடுமா? உப்பு, வினிகர், மஞ்சள் தண்ணீர்?

மேலே சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. மேலே ஒட்டியிருப்பது போகும், உள்ளே இருப்பது போகாது.

ஓடும் தண்ணீரில் இலை இலையாகப் பிரித்துக் கழுவுவது ஈயத்துக்கு உண்மையிலேயே பலன் தரும். கீரைத் தண்டின் அடிப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் மண் கோடாகப் படிந்திருக்கும். கட்டாக அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்தால் அந்த மண் அங்கேயே இருக்கும். அடியை நறுக்கி, பிரித்து, விரலால் தேய்த்துக் கழுவினால்தான் போகும். முட்டைக்கோசு போன்றவற்றில் வெளி இலைகளைக் கழற்றிவிடுவது நல்லது. கிழங்கையும் கேரட்டையும் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிவிட்டால் ஈயம் கணிசமாகக் குறையும்.

காட்மியத்துக்கு இவையெல்லாம் பெரிதாக உதவாது. உப்பு, வினிகர், மஞ்சள் எதுவும் இலைத் திசுவுக்குள் போய் உலோகத்தைத் தேடி இழுத்து வராது. மண்ணையும் கிருமியையும் அகற்ற உதவினால் சரி, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வேகவைத்தால் உலோகம் அழியாது. அது ஒரு தனிமம், எந்தச் சூட்டிலும் வேறொன்றாகச் சிதையாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் சிறிது குறையலாம், கூடவே சத்தும் போகும்.

உடம்பில் போய் என்ன செய்கிறது?

சந்தைக் காய்கறியால் யாரும் மறுநாள் மயங்கி விழுவதில்லை. அளவு சின்னது, காலம் நீளமானது. பிரச்சினை சேர்மானத்தில் இருக்கிறது.

காட்மியம்: சாப்பிடுவதில் சில சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் உள்ளே போனது எளிதில் வெளியே வராது. சிறுநீரகத்தில் போய்த் தங்கும், அங்கே அதில் பாதி குறைவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இருபது வயதில் சேர்ந்தது ஐம்பது வயதில் கணக்கில் இருக்கும். அளவு மிஞ்சும்போது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் சிறுநீரில் வெளியேறத் தொடங்கும், எலும்பு பலவீனமாகும். இதன் கோர முகத்தை ஜப்பானின் டொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் பார்த்தார்கள். மேலே கமியோக்கா சுரங்கத்திலிருந்து ஆற்றில் விட்ட கழிவு வயல்களுக்குப் பாய்ந்து, அரிசி வழியாக உடம்பில் ஏறியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற நடுவயதைத் தாண்டிய பெண்கள். எலும்புகள் தாமே முறியும் அளவுக்குப் போனது. 'இடாய்-இடாய்' என்று பெயர் பெற்ற அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

சாதாரணச் சந்தைக் காய்கறியில் இருக்கும் அளவு அந்த நிலையோடு ஒப்பிடத்தக்கது இல்லை. பாதை மட்டும் அதேதான்: தண்ணீர், மண், பயிர், சிறுநீரகம், எலும்பு.

ஈயம்: பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு. குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி, கற்கும் திறன், கவனம் ஆகியவற்றில் கை வைக்கும். எந்தப் பாதிப்பும் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஈய அளவு எதுவும் தெரியவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஈயம் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பல ஆண்டுகள் கிடக்கும்.

ஆர்சனிக்: நீண்ட காலம் உடம்பில் ஏறினால் தோல் பாதிப்பும், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களும் வரலாம். இதில் குடிநீரும் அரிசியும்தான் முதல் குற்றவாளிகள், காய்கறி பின்னால்தான் வரும்.

காட்மியம், கனிம ஆர்சனிக், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகிய மூன்றையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. காட்மியத்துக்கான வலுவான சான்று, புகையாகவும் தூசாகவும் மூச்சில் இழுத்த தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்தது.

அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு? அதற்குள் இருந்தால் பயமில்லையா?

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கீரை வகைக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியமும் 0.3 மில்லிகிராம் ஈயமும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. கிழங்கு வகைக்கு இரண்டுமே 0.1. பல நாடுகள் தமக்கென்று தனி வரம்பு வைத்திருக்கின்றன.

பயப்பட வேண்டுமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 200 கிராம் கீரை சாப்பிடுகிறார், அந்தக் கீரையில் காட்மியம் சரியாக வரம்பிலேயே, 0.2 மில்லிகிராம், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு உள்ளே போவது 40 மைக்ரோகிராம். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.67. மாதத்துக்கு 20 மைக்ரோகிராம். உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு தாங்கத்தக்கது என்று 2010இல் வைத்த அளவு மாதத்துக்குக் கிலோ எடைக்கு 25. ஆக, தேர்ச்சி.

இதே கீரையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் வையுங்கள். அவர்கள் வைத்த வரம்பு வாரத்துக்குக் கிலோ எடைக்கு 2.5 மைக்ரோகிராம். நம் ஆள் சாப்பிடுவது வாரத்துக்கு 4.67. தோல்வி.

இரண்டு நிபுணர் குழுவும் விவரம் தெரிந்தவர்கள்தான். பாதுகாப்புக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் அவர்கள் எடுத்த முடிவு வேறு, அவ்வளவுதான். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. சந்தை வரம்பு என்பது நல்ல முறையில் விளைவித்தால் எட்டக்கூடிய அளவையும் பார்த்து வைப்பது, அதற்குக் கீழே எல்லாம் பாதுகாப்பு, மேலே எல்லாம் விஷம் என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டாவது, நீங்கள் எதை எவ்வளவு, எத்தனை நாள் சாப்பிடுகிறீர்கள் என்பதே விடையை மாற்றுகிறது. வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடுபவருக்கு மேலே உள்ள கணக்கில் வாரத்துக்கு 1.3தான் வரும். ஆனால் அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றிலிருந்து வரும் காட்மியம் இதோடு சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

'வரம்பைவிடப் பத்து மடங்கு உலோகம்' என்று செய்தி வருகிறதே?

உண்மையாகவும் இருக்கலாம். நம்புவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அளவு ஈர எடையிலா, உலர் எடையிலா?

ஆய்வுக்கூடத்தில் கீரையை உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்துத்தான் அளக்கிறார்கள். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்ந்த பொடியில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் என்றால், நாம் வாங்கும் ஈரக் கீரையில் அது சுமார் 0.2தான். சட்ட வரம்பு ஈரக் கீரைக்கானது. உலர் எடை எண்ணை அந்த வரம்போடு ஒப்பிட்டால் எந்தக் கீரையும் பத்து மடங்கு விஷமாகிவிடும். இந்தக் குழப்பம் செய்தித்தாளில் மட்டும் இல்லை, ஆய்வுக் கட்டுரைகளிலேயே உண்டு.

இன்னொன்று குரோமியம். புற்றுநோயோடு தொடர்புள்ளது ஆறு இணைதிறன் கொண்ட வடிவம். செடிக்குள் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட வடிவம், அதன் நச்சு மிகக் குறைவு. மொத்தக் குரோமியத்தை அளந்து, முழுவதும் ஆபத்தான வடிவம்தான் என்று வைத்துப் புற்றுநோய்க் கணக்குப் போட்டால் முடிவு பயங்கரமாக வரத்தான் செய்யும்.

'அபாய ஈவு' என்ற எண்ணையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சாப்பிடும் அளவைப் பாதுகாப்பான அளவால் வகுத்தால் கிடைப்பது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. ஒன்றைத் தாண்டினால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, கவனிக்க வேண்டிய இடம் என்று அர்த்தம். தினமும் எத்தனை கிராம் காய் சாப்பிடுவதாக வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள், சில கட்டுரைகளில் அது யாரும் சாப்பிட முடியாத அளவாக இருக்கும்.

அப்படியானால் கீரையையும் காய்கறியையும் குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். காய்கறி குறைவான உணவால் வரும் இதயநோய் உள்ளிட்ட கேடுகள் உறுதியாகத் தெரிந்தவை. சாதாரணச் சந்தைக் காய்கறியில் இருக்கும் உலோகத்துக்குப் பயந்து அதை விடுவது நஷ்ட வியாபாரம். மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், ஒரே கீரையை ஒரே இடத்தில் வருடக்கணக்காக வாங்காதீர்கள். ஒரு வயலின் மண் மோசமாக இருந்தாலும் உங்கள் தட்டில் அதன் பங்கு சிறிதாகிவிடும். சாக்கடை நீர் பாயும் வயல் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்த இடத்துக் கீரையைத் தவிர்க்கலாம், அங்கே கிருமிகளும் ஒரு காரணம்.

புகைபிடிப்பவர் கீரையைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். புகையிலைச் செடி காட்மியத்தை நன்றாக உறிஞ்சும், நுரையீரல் குடலைவிட அதிகமாக அதை உள்ளே எடுக்கும். புகைபிடிப்பவர் உடம்பில் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்மியம் இருக்கும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் என்ன கவனிக்க வேண்டும்?

வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகள் உடம்பு எடுத்துக்கொள்ளும். கர்ப்பகாலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது, பழைய ஈயமும் கூடவே இறங்கி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.

இரும்புச்சத்து குறைவாக இருந்தால் குடல் காட்மியத்தையும் ஈயத்தையும் அதிகமாக இழுக்கும். இரும்புக்காக உடம்பு திறந்துவைக்கும் வாசலில் இவையும் நுழைந்துவிடுகின்றன. பெண்கள் உடம்பில் காட்மியம் பொதுவாக அதிகம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ரத்தசோகையைச் சரிசெய்வதும், கால்சியம் போதுமான அளவு கிடைக்கப் பார்ப்பதும், கீரையைக் கழுவுவதைவிடப் பெரிய பாதுகாப்பாக அமையலாம். நேரத்துக்குச் சாப்பிடுவதும் முக்கியம், வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று தெரிந்தால் காய்கறியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பழைய சுவர்ப் பூச்சு, ஈயக் குழாய், ஈயப் பூச்சுள்ள மண்பாண்டம், பெற்றோர் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்து உடையில் கொண்டுவரும் தூசு என்று தேட வேண்டிய இடங்கள் நிறைய.

இயற்கை விவசாயக் காய்கறியில் இருக்காதா?

இருக்கலாம். இயற்கை விவசாயச் சான்றிதழ் முக்கியமாக என்ன போட்டார்கள், என்ன தெளித்தார்கள் என்பதைப் பார்க்கிறது. முன்பே மண்ணில் கிடக்கும் ஈயம் சான்றிதழைப் பார்த்து வெளியேறாது. அதே சமயம் தொழு உரம், மட்கு நிறையப் போட்ட மண் உலோகத்தை ஓரளவு பிடித்துவைத்துக்கொள்ளும், அந்த வகையில் நன்மை உண்டு.

வீட்டுத் தோட்டம் பாதுகாப்பானதா?

மண் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பழைய வீட்டின் சுவரோரம் உரிந்து விழுந்த வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்த மண்ணில் கீரை போட வேண்டாம். குப்பை எரித்த இடம், பட்டறை இருந்த இடம், பெரிய சாலையோரம் ஆகியவையும் அப்படியே. அங்கே காய் வகைகளை வைக்கலாம், அல்லது மண்ணின்மேல் தடுப்பு விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போடலாம். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதிப்பதே நல்லது. மண் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும்போது ஈயமும் காட்மியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான சத்துப் பரிசோதனையில் இவை வராது.

உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் சாறு, மாத்திரை?

காசு தண்டம். கொத்தமல்லிச் சாறு உலோகத்தை இழுத்து வெளியேற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் உண்மையான மருந்துகள் இருக்கின்றன. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் அவற்றைத் தர உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மருத்துவமனைக் கண்காணிப்பில் தர வேண்டியவை அவை. இந்த வகையில் மருந்து மாறிக் கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

நான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. உருக்காலை, சுரங்கம், பேட்டரிப் பட்டறை பக்கத்தில் குடியிருப்பவர்கள், அங்கே வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம். ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை. காட்மியத்துக்கு ரத்தத்தில் பார்ப்பது பெரிதும் அண்மையில் சேர்ந்ததைக் காட்டும், பல ஆண்டுச் சேர்மானத்தைச் சிறுநீர்ப் பரிசோதனைதான் காட்டும். தலைமுடியை அனுப்பி ஐம்பது உலோகத்துக்கு அறிக்கை வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஷாம்பு, சாயம், தூசு எல்லாம் முடியில் ஒட்டி எண்ணைக் கெடுத்துவிடும்.

மண்ணைச் சரிசெய்ய முடியுமா? விவசாயி என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீர். அதை மாற்றாமல் மண்ணைச் சரிசெய்வது வீண். அடுத்து, அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைப்பது. காட்மியம் செடிக்குப் போவதை இது நன்றாகக் குறைக்கும். ஆர்சனிக் இருக்கும் மண்ணில் யோசித்துச் செய்ய வேண்டும், அமிலம் குறைந்தால் அது அதிகம் கரையக்கூடும். நெல் வயலிலும் இந்த இழுபறி உண்டு. தண்ணீர் தேக்கினால் காட்மியம் குறையும், ஆர்சனிக் ஏறும். வடியவிட்டால் நேர்மாறு.

பயிரை மாற்றுவது இன்னொரு வழி. கீரைக்குப் பதிலாகக் காய் வகை, நிலைமை மோசமென்றால் பூ, நார்ப்பயிர். ஜப்பானிய ஆய்வாளர்கள் கத்தரியைச் சுண்டைச் செடியின் வேர்மேல் ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள். சுண்டையின் வேர் காட்மியத்தைத் தண்டுக்கு ஏறவிடாததால் கத்தரிக்காயில் அது வெகுவாகக் குறைந்தது. செலவு குறைந்த, அழகான தீர்வு இது.

உலோகத்தை உறிஞ்சும் செடிகளை வளர்த்து மண்ணைச் சுத்தம் செய்வது பற்றி நிறைய எழுதுகிறார்கள். செய்யலாம், ஆனால் பல ஆண்டுகள் ஆகும். அறுத்த செடியையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும், மாட்டுக்குப் போட்டாலோ மட்கவைத்து உரமாக்கினாலோ உழைப்பு வீண். மிக மோசமான நிலத்துக்கு மேல்மண்ணை மாற்றுவதே வழி. ஜின்சு ஆற்றங்கரை வயல்களில் அதைத்தான் செய்தார்கள். அந்த வேலை 2012இல்தான் முடிந்தது.